எலி சாகவில்லை, சரி

அன்புள்ள ஐயா,

மூட்டுவலிக்கு ஒரு மூலிகைச் சூரணம் சாப்பிடுகிறேன். டப்பாவில் 'எலிகளில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது' என்று போட்டிருக்கிறது. என் எடை 60 கிலோ. அப்படியானால் 120 கிராம் வரை பயமில்லை என்றுதானே அர்த்தம்? தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த மூலிகைக்கு எலியை வேறு ஏன் வதைக்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் காரியமாக அந்த 120 கிராமை மறந்துவிடுங்கள். எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது உடற்பரப்பைக் கணக்கில் எடுத்து 6.2-ஆல் வகுப்பார்கள். உங்கள் 120 கிராம் 19 கிராமாகச் சுருங்கிவிடும். அதுவும் பாதுகாப்பான அளவு அல்ல.

2000 என்ற எண் பெரும்பாலும் ஓஇசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) வகுத்த 423-ஆம் எண் சோதனையிலிருந்து வருவது. மூன்று பெண் எலிகளை இரவு பட்டினி போட்டு, மறுநாள் நுனி உருண்ட ஊசிக்குழாய் வழியாக நேராக வயிற்றில் மருந்தை இறக்குவார்கள். ஒரே ஒரு தடவை. முதல் நான்கு மணி நேரம் கூண்டருகிலேயே இருக்க வேண்டும்: மயிர் சிலிர்க்கிறதா, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறதா? பிறகு 14 நாள் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். சாகவில்லையென்றால் இன்னும் மூன்று எலி. ஆக, ஆறு எலி ஒரு வேளை மருந்தைத் தாங்கின என்பதுதான் செய்தி. (பாதி எலிகளைக் கொல்லும் அளவைத் தேடும் பழைய எல்டி50 முறையில் பல மடங்கு எலிகள் செத்தன. 2002-இல் ஓஇசிடி அதைக் கைவிட்டது.)

நீங்களோ தினமும் சாப்பிடுகிறீர்கள். அதற்கான சோதனை வேறு. 28 நாள் அல்லது 90 நாள் தினமும் கொடுத்து, ரத்தம் எடுத்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது.

தலைமுறை அனுபவத்தை நான் மதிக்கிறேன். குடித்ததும் சுருண்டு விழவைக்கும் செடியை அது தவறாமல் ஒதுக்கிவிடும். ஆனால் மெல்லக் கொல்வதை அதனால் பிடிக்க முடியாது, ஒரு வேளைச் சோதனையாலும் முடியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனச் செடி கலந்துவிட்டிருந்தது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். சிலருக்குச் சில வருடம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். அன்று காலை விழுங்கியபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

டப்பாவில் இருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்: எத்தனை நாள் கொடுத்தார்கள்? எலிக்குக் கொடுத்தது இதே பொடியா, எத்தனாலில் இறக்கிய சாரமா? பதில் வரும்வரை சூரணத்தை நிறுத்திவிட்டு, உங்கள் மருத்துவரிடம் சொல்லி சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.