பால் சேர்க்காத ஃபாண்ட்யூ: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஃபாண்ட்யூ என்றாலே உருகிய சீஸ்தானே அக்கா? பால் இல்லாமல் எப்படி?

சுவிட்சர்லாந்தில் க்ரூயேர் போன்ற சீஸை வெள்ளை ஒயினில் உருக்கி, சூடு ஆறாமல் மேசை நடுவில் வைத்து, ரொட்டித் துண்டுகளை நீளமான முள்கரண்டியில் குத்தி முக்கிச் சாப்பிடுவார்கள். அந்தக் கொழகொழப்பும் புளிப்பும் இழுவையும் வந்துவிட்டால் போதும். முந்திரி, எலுமிச்சை, மரவள்ளி ஸ்டார்ச் இவை மூன்றும் அதைத் தந்துவிடும். கடையில் விற்கும் வீகன் சீஸை உருக்குவதைவிட இதுவே எனக்குப் பிடிக்கும். அவற்றில் பல, சூட்டில் எண்ணெய் பிரிந்து நிற்கும்.

நான்கு பேருக்கு அளவு சொல்லுங்கள்.

முந்திரி 150 கிராம். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். அதோடு 400 மில்லி தண்ணீர், மரவள்ளி ஸ்டார்ச் 3 மேசைக்கரண்டி, நியூட்ரிஷனல் ஈஸ்ட் (சீஸ் சுவை தரும் உலர்ந்த ஈஸ்ட் செதில், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் அல்ல) 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்துத் திப்பியே இல்லாமல் அரையுங்கள். அடிகனமான பாத்திரத்தின் உட்புறத்தில் வெட்டிய பூண்டுப் பல்லைத் தேய்த்துவிட்டு, அரைத்ததை ஊற்றி மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் திட்டுத் திட்டாகத் திரளும். பயப்படாதீர்கள், கிளறக் கிளற ஒன்றுசேர்ந்து பளபளக்கும். எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய்த்தூள் எல்லாம் அடுப்பை அணைத்த பிறகுதான். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் ஸ்டார்ச் நீர்த்துவிடும்.

மரவள்ளி ஸ்டார்ச்சுக்குப் பதில் சோளமாவு போடலாமா?

கெட்டியாகும், ஆனால் இழுபடாது. ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துச் சலித்துப் போடுங்கள், அதுவும் மரவள்ளி ஸ்டார்ச்தான். கிழங்கை முழுதாகக் காயவைத்து அரைத்த மாவு வேறு, அது வேண்டாம்.

வெள்ளை ஒயின் சேர்க்கலாமா?

தண்ணீரில் 100 மில்லியைக் குறைத்து அந்த அளவு ஒயின் சேர்க்கலாம், சுவை கூடும். ஆனால் சில ஒயின்களைத் தெளியவைக்கப் பால் புரதமான கேசினைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தால் லேபிளைப் பாருங்கள்.

என் மகனுக்கு முந்திரியும் ஆகாது. வேறு வழி?

வேகவைத்த உருளைக்கிழங்கு 300 கிராம், கேரட் 100 கிராம், எண்ணெய் 4 மேசைக்கரண்டி எடுத்து, வெந்த தண்ணீரையே ஊற்றி மிக்ஸியில் நன்றாக ஓட்டுங்கள். உருளைக்கிழங்கை அதிகம் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். மசியலுக்கு அது கெடுதல், இங்கே அதுதான் வேண்டும். இதற்கு ஸ்டார்ச் ஒரு மேசைக்கரண்டி போதும், மற்றதெல்லாம் அதே அளவு.

சாக்லேட் ஃபாண்ட்யூ?

டார்க் சாக்லேட் 200 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மில்லி. தேங்காய்ப்பாலைச் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். டார்க் என்று போட்டிருந்தாலும் பால் கலந்திருக்கலாம், பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

சாப்பிடச் சாப்பிடக் கெட்டியாகிவிடுகிறதே?

ஆறினால் ஸ்டார்ச் இறுகத்தான் செய்யும். பாத்திரத்தின் அடியில் சிறு மெழுகுவர்த்தி ஏற்றிவையுங்கள். அப்புறமும் இறுகினால் வெந்நீர் இரண்டு கரண்டி விட்டுக் கிளறினால் சரியாகிவிடும்.