மருமகளைக் காட்டினீர்கள், மகனை எப்போது காட்டுவீர்கள்?

கேள்வி: என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். ஒருநாள் விண்வெளிக்கே போக வேண்டும் என்கிறாள். அங்கே போகிற பெண்களுக்குப் பிள்ளை தங்காதாமே? ஏற்கெனவே மகன் கல்யாணம் கட்டி நாலு வருஷம், குழந்தை இல்லை. மருமகளை மூன்று டொக்டர்களிடம் காட்டிவிட்டோம். மகன் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், அவனுக்கு நேரமில்லை. மகளும் இப்படி ஆகிவிட்டால்?
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, மகள் இன்னும் பட்டமே வாங்கவில்லை. அதற்குள் ரொக்கெட்டில் ஏற்றிவிட்டீர்கள். சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். 1963இல் விண்வெளிக்குப் போன முதல் பெண் வலன்டினா தெரஸ்கோவா அடுத்த வருஷமே ஒரு மகளைப் பெற்றார். குழந்தையின் அப்பாவும் விண்வெளிக்குப் போய் வந்தவர்தான். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே கதிர்வீச்சு அதிகம். பெண்ணுக்குக் கருமுட்டை பிறக்கும்போதே இருக்கிற இருப்பு, கெட்டுப்போனால் புதிதாக ஊறாது. ஆணுக்கு விந்தணு தினமும் உருவாகிறது, ஒன்று முழுதாக உருவாக இரண்டரை மாதம் அளவில் எடுக்கும். கதிர்வீச்சு அதையும் கெடுக்கும். அதனால்தான் விண்வெளி ஆராய்ச்சியில் ஆண், பெண் இருவரையுமே சோதிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில்?

"அவனுக்கு நேரமில்லை" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. மூன்று டொக்டர்களிடமும் போனவள் மருமகள் மட்டும். பிள்ளை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கும். அதிலும் உங்கள் மகன் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிக்கிறவன். விவசாயத்துக்கான நச்சு மருந்துகளில் சில விந்தணுவைக் கெடுத்ததை உலகம் எப்போதோ கண்டுவிட்டது. 1977இல் கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு மருந்தைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்கே பிள்ளை பிறக்காமல் போனது. உங்கள் மகனுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, சோதிக்காமல் யாருக்குத் தெரியும்? கையுறை போடுகிறானா, நனைந்த சட்டையோடு லயத்துக்கு வந்து அப்படியே சாப்பிட உட்காருகிறானா என்றாவது பார்த்தீர்களா?

இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தவர் நீங்கள். நாலு வருஷம் அவள் மட்டும் ஊர்வாயில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பேர் விழாவிட்டால் சம்பளம் போகும், தெரியும். போகட்டும். மகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டு நாளாவது சேராமல் இருந்துவிட்டுப் போகவேண்டும், ஏழு நாளைத் தாண்டவும் கூடாது. குறை தெரிந்தால் மருந்தடிப்பை விட்டு வேறு வேலை கேட்கட்டும், மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்கலாம். அதுவரை மருமகளை நாலாவது டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.