மொழி கேள்வி–பதில்: ‘திறக்கக் கூடாது’ என்பது ‘திறக்க வேண்டியதில்லை’ ஆன கதை

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். பயன்படுத்தும் நாள் வரை பீப்பாய்களைத் திறக்கக் கூடாது என்று ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க எண்ணி, ‘நோ தியெனென் கே அப்ரிர் லோஸ் பிதோனெஸ்’ என்று எழுதினேன். ‘நன்றி, ஆனாலும் மாதிரிக்கு ஒன்றைத் திறந்து பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. என் வாக்கியத்தில் என்ன பிழை?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: நீங்கள் எழுதியதை அவர் ‘திறக்க வேண்டிய அவசியமில்லை’ என்று படித்திருக்கிறார், அப்படிப் படித்ததில் அவர் தவறு ஏதும் இல்லை. ‘தெனெர் கே’ உடன்பாட்டில் ‘செய்தாக வேண்டும்’ என்னும் கட்டாயத்தைச் சொன்னாலும், முன்னால் ‘நோ’ வந்ததும் பெரும்பாலும் அந்தக் கட்டாயத்தை நீக்குகிறதே தவிர, செயலைத் தடுப்பதில்லை. தடுப்பதற்கு உரியது, கடமையைச் சொல்லும் ‘தெபெர்’ என்னும் வினையோடு ‘நோ’ சேர்ப்பது. ஆகவே ‘நோ தெபென் அப்ரிர் லோஸ் பிதோனெஸ் ஆஸ்தா எல் மொமென்தோ தே உஸார்லோஸ்’ என்று எழுதுங்கள். பீப்பாயின் மேல் ஒட்டும் சீட்டுக்கு ‘நோ அப்ரிர்’ என்ற இரண்டு சொற்களே போதும். தமிழில் ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்று இரண்டையும் நாம் தெளிவாகப் பிரித்தே பேசுகிறோம். உடன்பாட்டில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிடுவதால்தான், ஸ்பானியத்திலும் ஒரே வினையைப் பிடித்துக்கொண்டு எதிர்மறைக்குப் போகிறோம்.

உடன்பாட்டில் ‘தெனெர் கே’, ‘தெபெர்’ இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அத்தனை கூர்மையானது அன்று. சூழ்நிலை நெருக்குவதைத் ‘தெங்கோ கே’ என்றும், கடமையையும் விதியையும் ‘தெபோ’ என்றும் சொல்வது பொதுவழக்கு. ஒப்பந்தங்களில் ‘தெபெரா’ என்னும் எதிர்கால வடிவம் வரும்; அதையே ‘தெபெரியா’ என்று மாற்றினால் கட்டளை தணிந்து ஆலோசனையாகிவிடும் என்பதால், தவணைத் தேதியைப் பற்றி எழுதும்போது இந்த ஓரெழுத்தில் கவனம் வையுங்கள்.

‘செய்ய வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லும் ‘ஐ கே’ என்ற தொடரும் ஸ்பானியத்தில் உண்டு; அது ஆள் குறிப்பில்லாதது. நானோ நீயோ அவரோ போனாலும் நம் ‘போக வேண்டும்’ மாறுவதில்லை அல்லவா, அதுபோல இதுவும் மாறாது. ஆனால் யார் செய்ய வேண்டும் என்பதை இது சொல்லவே சொல்லாது. தெங்கோ, தியெனெஸ், தியெனே என்று திரிபுகளை மனப்பாடம் செய்யச் சோம்பி எல்லா இடத்திலும் ‘ஐ கே’ போடுகிறவர்களின் கடிதத்தில், பணத்தை யார் கட்டுவது என்பதே விளங்காமல் போகும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ‘தெனெர் கே’யின் இறந்தகாலத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘துபே கே இர்’ என்றால் போக நேர்ந்தது, போயும் விட்டேன் என்பது பொருள்; நம் ‘போக வேண்டியதாயிற்று’ இதற்கு அப்படியே பொருந்தும். ‘தெனியா கே இர்’ என்றால் ‘போக வேண்டியிருந்தது’. போனேனா இல்லையா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். சரக்கை அனுப்பத் துறைமுகத்துக்குப் போகாமல் போன ஒருவர் ‘துபே கே’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

கேள்வி: ‘தெபெர்’ என்பதற்கும் ‘தெபெர் தே’ என்பதற்கும் என்ன வேறுபாடு?
– தருமபுரி வாசகி

பதில்: ‘தே’ சேர்ந்தால் அது ஊகம். ‘இந்நேரம் பேருந்து பாலக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்னும்போது நாம் பேருந்துக்குக் கடமை எதையும் விதிக்கவில்லை, வெறுமனே ஊகிக்கிறோம். அந்த ‘வேண்டும்’தான் ‘தெபெ தே’. ஊகத்துக்குத் ‘தே’ இல்லாமல் எழுதுவதையும் ஸ்பானிய அரச கழகத்தின் இலக்கணம் ஏற்கிறது. கடமையைச் சொல்லும் இடத்தில் ‘தே’ சேர்ப்பதைத்தான் செம்மையான எழுத்தில் தவிர்க்கச் சொல்கிறது. தேர்வு எழுதுகிறவர் என்றால், ஊகத்துக்குத் ‘தே’ உண்டு, கடமைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.