ஆட்டத்தை அலச எந்த செஸ் இன்ஜின் நல்லது?

கேள்வி: மகன் கொழும்பில் பாடசாலை செஸ் அணியில் ஆடுகிறான். அவனுடைய ஆட்டங்களை அலச ஸ்டொக்ஃபிஷ், லீலா, கொமோடோ இவற்றில் எது நல்லது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். இன்ஜின் என்பது ஒவ்வொரு நிலையிலும் நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள். ஸ்டொக்ஃபிஷ் இலவசம், பலத்திலும் முதல் வரிசை. லிச்செஸ் தளத்தில் ஆட்டத்தை ஏற்றினால் உலாவியிலேயே ஓடும், சாதாரண லப்டொப் போதும். கொமோடோவும் நல்ல இன்ஜின்தான், ஆனால் பாடசாலை ஆட்டத்தில் அது புதிதாக எதையும் காட்டப்போவதில்லை.

லீலா 2018இல் வந்தது. மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்க்காமல், தன்னோடு தானே ஆடிப் படித்தது. நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் மெதுவாகத்தான் ஓடும். அது நியூரல் வலையால், அதாவது பயிற்சியால் கற்கும் நிரலால், நிலையை மதிப்பிடும். 2020இல் ஸ்டொக்ஃபிஷும் அப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால், லீலாவுக்காகக் கணினி மாற்றத் தேவையில்லை.

நான் வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த இன்ஜின் என்பதைவிட, அதை எப்படிப் பாவிக்கிறோம் என்பதில்தான் பிள்ளை முன்னேறுகிறது. ஓர் உதாரணம். இத்தாலியன் திறப்பில் கறுப்பு சிலவேளை மூன்றாவது நகர்த்தலிலேயே குதிரையை டி4இல் வைக்கும். வெள்ளைக்கே சாதகம் என்று ஸ்டொக்ஃபிஷ் காட்டும், அது சரியும்கூட. ஆனால் பிள்ளைகள் சும்மா கிடக்கிற இ5 காலாளைக் குதிரையால் வெட்டிவிடுவார்கள். உடனே கறுப்பு ராணி ஜி5க்கு வந்து அந்தக் குதிரையையும் ஜி2 காலாளையும் ஒன்றாகத் தாக்கும். ஏன் வெட்டத் தோன்றியது என்பதை இன்ஜின் காட்டும் மதிப்பெண் சொல்லாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

அதனால் முதலில் இன்ஜினை மூடிவைத்து, எங்கே யோசித்தான், எதற்குப் பயந்தான் என்று மகனையே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டொக்ஃபிஷ் சொல்லும் முதல் மூன்று நகர்த்தல் வரிசைகளைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வந்தால் அந்த இடத்தில் மகனின் விருப்பத்தைத் திருத்தாதீர்கள். ஒன்று மட்டும் நன்றாக உயர்ந்து நின்றால், பதிலைக் காட்டாமல் அவனையே தேட விடுங்கள்.

மதிப்பெண்ணைக் கண்டு பதறவும் வேண்டாம். இப்போதைய ஸ்டொக்ஃபிஷில் +1 (வெள்ளைக்குச் சாதகம்) என்றால், இன்ஜினோடு இன்ஜின் ஆடும்போது வெள்ளை வெல்ல ஏறக்குறைய 50 சதவீத வாய்ப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குள் அந்த +1 இரண்டே நகர்த்தலில் கை மாறும்.

மாயா என்றும் ஓர் இன்ஜின் இருக்கிறது, அதுவும் இலவசம். மனிதர்கள் லிச்செஸில் ஆடிய ஆட்டங்களிலிருந்து படித்தது. சிறந்த நகர்த்தலைவிட, அந்தத் தரத்து ஆட்டக்காரர் எதை ஆடுவார் என்பதையே அது ஊகிக்கும். மகன் அடிக்கடி தோற்கும் நிலையிலிருந்து அதோடு சில ஆட்டங்கள் ஆட விடுங்கள்.