வைத்தியசாலையில் அட்டைக் கதவும் வேலை அனுமதிப்பத்திரமும்: எதை முதலில் செய்வது?

கேள்வி: யாழ் நகரில் ஏறத்தாழ 60 கட்டில்கள் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் பராமரிப்புப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். போன மாதம் ஏசி திருத்த வந்தவர் ஒரு பிரேக்கரை இறக்கி வேலை செய்துவிட்டு, அதைத் திரும்ப ஏற்றாமலே போய்விட்டார். மருந்தகத்தின் தடுப்பூசி பிரிட்ஜும் அதே பிரேக்கரில்தான் ஓடியது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. இப்போது நிர்வாகம் முக்கியமான கதவுகளுக்கெல்லாம் மின்னணு அட்டையைக் காட்டித் திறக்கும் முறையும் அதற்கான மென்பொருளும் வாங்க யோசிக்கிறது. “யார் எப்போது உள்ளே போனார் என்று பதிவாகும், இனிப் பிரச்சினை இல்லை” என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா? வாங்கினால் எந்த வகை? ஆபத்தான திருத்த வேலைகளுக்கு முன் எழுத்தில் கொடுக்கும் வேலை அனுமதிப்பத்திரத்தையும் நேரடியாகக் கணினியிலேயே தொடங்கலாமா?

பதில்: முதலில் ஒரு அவசர விசயம். தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. அன்றிரவு அந்த பிரிட்ஜில் இருந்தவை இன்னும் கையிருப்பில் இருந்தால், குளிரிலேயே தனியாக எடுத்து ‘பாவிக்க வேண்டாம்’ என்று எழுதி வையுங்கள். மருந்தாளரும் பொறுப்பு வைத்தியரும் வெப்பநிலைப் பதிவைப் பார்த்து முடிவெடுக்கட்டும். பிரிட்ஜ் திரும்பக் குளிர்ந்துவிட்டது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

சரி, கேள்விக்கு வருவோம். அட்டை முறையை வாங்கலாம். ஆனால் உங்களுக்கு நடந்ததை அது தடுத்திருக்காது. அந்த ஏசிக்காரர் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்துதான் உள்ளே வந்தார். அவர் யார், எத்தனை மணிக்கு வந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த பிரேக்கரில் வேறு என்னென்ன ஓடுகிறது, மருந்தகத்துக்கு யார் அறிவித்தது, போகும்போது எல்லாவற்றையும் ஏற்றிக் காட்டினாரா என்பவைதான் யாருக்கும் தெரியவில்லை. இதைக் கேட்டு வாங்குவது வேலை அனுமதிப்பத்திரத்தின் அலுவல். அதனால் அனுமதிப்பத்திரத்தை முதலில், கடதாசியிலேயே, தொடங்குங்கள். கதவு அடுத்த கட்டம்.

அரைப் பக்கப் படிவம் போதும். எந்த இடம், என்ன வேலை, எதை நிறுத்துகிறோம், அதனால் எந்தப் பிரிவு பாதிக்கப்படும், எத்தனை மணி வரை என்பவை இருந்தால் சரி. கையெழுத்து மூன்று பேருடையது: அனுமதி கொடுக்கும் நீங்கள், வேலை செய்பவர், அந்தப் பிரிவின் பொறுப்பாளர். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் விடுபடுவது மூன்றாவதுதான். “விடுதியில் சொல்லியாச்சு” என்பார்கள். யாருக்குச் சொன்னது என்று கேட்டால், அப்போது கடமை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தாதியாக இருப்பார். பிரித்தானியாவின் மருத்துவ வாயுக் குழாய் வழிகாட்டியான எச்.டி.எம். 02-01, ஒட்சிசன் குழாயில் கைவைப்பதற்கு முன் அதற்கென நியமிக்கப்பட்ட தாதிய அதிகாரியின் சம்மதத்தைக் கேட்கிறது. எந்த நோயாளி ஒட்சிசனில் இருக்கிறார், மாற்றுச் சிலிண்டர் கட்டிலருகே வந்துவிட்டதா என்பது அவருக்குத்தான் தெரியும். பொறியியலாளருக்கு வால்வு மட்டும்தான் தெரியும்.

படிவத்தின் கீழ்ப்பாதிதான் உயிர்: வேலை முடித்து ஒப்படைக்கும் பகுதி. 1988 ஜூலை 6ஆம் திகதி வடகடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிப்பத்திர முறை இருக்கத்தான் செய்தது, ஆனால் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை. ஒரு பம்பின் பராமரிப்புக்கு ஒரு பத்திரம், அதே பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியதற்கு இன்னொரு பத்திரம். இரவு மாற்று பம்பு நின்றுபோனதும், கடமையில் இருந்தவர்கள் முதல் பத்திரத்தைப் பார்த்தார்கள். பராமரிப்பு இன்னும் தொடங்கவில்லை என்று கண்டு இந்தப் பம்பை ஓட்டினார்கள். வால்வு கழற்றப்பட்டிருந்ததைச் சொல்லும் இரண்டாவது பத்திரம் அவர்கள் கண்ணில் படவில்லை. எண்ணெய் மேடைக்கும் உங்கள் வைத்தியசாலைக்கும் ஒப்பில்லைத்தான். ஆனால் கடமை மாறும் நேரம், ஒரே கருவிக்கு இரண்டு வேலை, பாதியில் நிற்கும் வேலை, இவை மூன்றும் உங்களிடமும் தினமும் இருக்கின்றன. ஆகவே திறந்திருக்கும், அதாவது இன்னும் ஒப்படைக்காத, பத்திரங்கள் எல்லாம் ஒரே பலகையில், இடவாரியாகத் தொங்கட்டும். கடமை மாறும்போது இருவரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கதைக்கட்டும். ஒப்படைக்கும் கையெழுத்தை மேசையில் வாங்காதீர்கள். பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் நின்று, பிரிட்ஜின் வெப்பமானியைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

எல்லா வேலைக்கும் பத்திரம் கேட்கவும் வேண்டாம். பல்ப் மாற்றுவதற்கும் குழாய்க்கு வாசர் போடுவதற்கும் கேட்டால், இரண்டு வாரத்தில் எல்லோரும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பார்கள். மின்பலகை, மருத்துவ வாயு, வெல்டிங், கூரை வேலை, தொட்டிக்குள்ளும் கழிவுக் குழிக்குள்ளும் இறங்குவது, தீ எச்சரிக்கையை நிறுத்துவது, சீலிங்கைத் திறப்பது அல்லது சுவரை வெட்டுவது. இவ்வளவுக்கும் கட்டாயம்.

இதில் கடைசியைத்தான் மிக லேசாக எடுக்கிறார்கள். சீலிங் தட்டு ஒன்றைத் தூக்கினால் வருடக்கணக்காகப் படிந்த தூசு கீழே வரும். அதில் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். சுகதேகிக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு அது நுரையீரலில் உயிராபத்தான தொற்றாகலாம். ஆகவே சீலிங்குக்குள் வயர் இழுக்க வருபவர் பொலித்தீன் மறைப்பு கட்டினாரா, அந்த அறையின் ஏசி வாய் மூடப்பட்டதா என்பதைப் படிவம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் சீற்றும் இருக்கும். அதை உலர்ந்தபடி துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். அட்டைக் கதவுக்கு வயர் இழுக்க வருபவர்களுக்கும் இதே சட்டம்தான். வெல்டிங் என்றால், நெருப்புப்பொறி ஓய்ந்த பிறகும் ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எப்.பி.ஏ.யின் 51பி நியமம் இந்தக் காவல் நேரத்தை 2019இல் 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடமாகக் கூட்டியது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. லிப்ட், ஸ்கேன் இயந்திரம், ஜெனரேற்றர் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து விடியப்புறம் வந்து இறங்குவார்கள். இரவு பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். காலையில் படிவம் நிரப்பப் பொறுமை இருக்காது, மாலையில் ஒப்படைக்க நேரம் இருக்காது. படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்து, முதல் நாளே போனுக்கு அனுப்பிவிடுங்கள். பஸ் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே வேலை நிற்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். ஒப்படைத்த பத்திரத்தின் இலக்கம் இல்லாத பில்லைக் கணக்குப் பிரிவு ஏற்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை அறிவுரை சொன்னாலும் கேளாத கொந்தராத்துக்காரரும் இதற்குக் கேட்பார்.

இனிக் கதவு. விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, கரண்ட் போனால் இந்தக் கதவு திறக்குமா, பூட்டுமா என்பது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். பற்றரியும் தீர்ந்தால் திறந்துவிடும். நோயாளிகள் வெளியேறும் வழிகளுக்கு அதுதான் சரி. போதை மருந்து அலுமாரி அறைக்கு அது சரிவராது; அங்கே கரண்ட் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும், உள்ளிருந்து கைப்பிடியால் திறக்கும் வகை வேண்டும். கூடவே உறையிட்டு முத்திரை வைத்த ஒரு திறப்பும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் மறக்கவில்லை, பற்றரிக் கணக்கை அதை மனதில் வைத்துப் போடுங்கள். தீ எச்சரிக்கை அடித்தால் வெளியேறும் கதவுகளின் பூட்டு விடுபட வேண்டும். அந்த இணைப்பு நேரடி வயரில் இருக்க வேண்டும், மென்பொருள் வழியாக அல்ல.

அட்டையில் மலிவானது 125 கிலோஹேர்ட்ஸ் வகை. அது ஒரே இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்; சிறிய கருவி ஒன்றால் நொடியில் நகலெடுக்கலாம். மைபெயார் கிளாசிக் என்ற வகையின் மறையாக்கமும் (தரவைப் பூட்டிவைக்கும் குறியீடும்) 2008இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்பயர் வகை போன்ற, ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் உள்ள அட்டையை எழுத்தில் கேளுங்கள். கைரேகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கையுறையோடு வரும் தாதிக்கும், சீமெந்தில் ரேகை தேய்ந்த மேசனுக்கும் அது வேலை செய்யாது. தவிர, இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உயிரளவைத் தரவை விசேட வகையில் வைக்கிறது. அந்தப் பொறுப்பைத் தேவையில்லாமல் தலையில் ஏற்ற வேண்டாம்.

பத்திரத்தையும் அட்டையையும் இணைப்பதில்தான் நல்ல பலன் இருக்கிறது. பத்திரம் திறந்தால் மட்டும் வேலைக்காரரின் தற்காலிக அட்டை உயிர்பெறும். பத்திரத்தில் உள்ள கதவுகளுக்கு மட்டும், அந்த நேரம் வரை மட்டும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நேரம் முடிந்த அட்டை உள்ளே போவதைத்தான் தடுக்க வேண்டும், வெளியே வருவதை ஒருபோதும் தடுக்கக்கூடாது. அப்புறம், அட்டை காலாவதியானதும் மென்பொருள் பத்திரத்தைத் தானாக மூடிவிடக்கூடாது. நேரம் முடிந்தது வேறு, வேலை முடிந்தது வேறு. அந்த நேரத்தில் கடமையில் இருப்பவருக்கு அழைப்புப் போக வேண்டும், அவர் போய்ப் பார்க்க வேண்டும். கதவுப் பதிவின் கடிகாரமும் சிசிடிவி கடிகாரமும் ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பத்து நிமிடம் பிசகினாலே இரண்டு பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

கணினிப் படிவத்துக்கு மூன்று நான்கு மாதம் பொறுங்கள். கடதாசியில் எந்தக் கட்டத்தை எல்லோரும் வெறுமையாக விடுகிறார்கள், எந்தக் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்று பார்த்துத் திருத்திய பிறகு அதையே மென்பொருளாக்கக் கேளுங்கள். கணினி வந்த பின்னும் கடதாசிப் படிவக் கட்டு ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். வலையமைப்பு விழும் நாளில் வேலை நிற்காது.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேருங்கள். நிர்வாகக் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும், பதிவுகளை நீங்களே வெளியே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். எல்லாக் கதவுக்கும் காசு கட்டுவதற்கு முன், ஒரு கதவில் பூட்டச் சொல்லுங்கள். நோயாளிகள் குறைந்த ஒரு நேரம் பார்த்து, அந்தக் கதவின் மின்சாரத்தை நிறுத்தி பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளவிடுங்கள். தீ எச்சரிக்கையை அடித்துப் பாருங்கள். நோயாளியோடு தள்ளுவண்டியைக் கொண்டுவரும் இருவர் கை எடுக்காமல் அந்தக் கதவைக் கடக்க முடிகிறதா என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.