பறக்கும்போது இன்ஜின் கோளாறு: கேள்வி பதில்

பதில்கள் எல்லாம் ஏர்பஸ் ஏ320 வகையை வைத்துச் சொல்லப்படுகின்றன. போயிங்கில் சுவிட்ச்சுகளும் வரிசையும் சற்று மாறும், அடிப்படை ஒன்றுதான்.

கேள்வி: ஓடுபாதையில் ஓடும்போதே ஒரு இன்ஜின் நின்றால் பிரேக் போடுவார்களா, கிளப்பிவிடுவார்களா?

அந்த நொடியில் யோசித்து எடுக்கிற முடிவு அல்ல இது. எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று எல்லாவற்றையும் கணக்கிட்டு 'வி1' என்ற வேகத்தை முன்பே குறித்து வைத்திருப்பார்கள். அதற்கு முன் இன்ஜின் போனால் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் கிளம்பியே ஆக வேண்டும், ஏனென்றால் மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நிற்பதற்கு உறுதி கிடையாது. வி1 வந்ததும் கேப்டன் த்ரஸ்ட் லீவரிலிருந்து (இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) கையை எடுத்துவிடுவது இதனால்தான். ஒற்றை இன்ஜின் தாங்குமா என்ற பயம் வேண்டாம். சக்கரங்களை மடக்கியபின் ஒரே இன்ஜினில் குறைந்தது 2.4 சதவீதம், அதாவது 1,000 மீட்டர் போவதற்குள் 24 மீட்டர் ஏறும் திறன் இருக்க வேண்டும் என்பது இரட்டை இன்ஜின் விமானங்களுக்கான விதி.

கேள்வி: சார், தரையை விட்டதும் முதலில் எந்த சுவிட்ச்சைத் தொடுவார்கள்?

எதையும் இல்லை. முதல் வேலை காலுக்குத்தான். ஓடுகிற இன்ஜின் மூக்கை நின்றுபோன இன்ஜின் பக்கம் தள்ளும், எதிர்ப்பக்கத்து ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதித்து நேராக்க வேண்டும். ஏறுவது உறுதியானதும் சக்கரங்களை மடக்குவார்கள். தரையிலிருந்து 400 அடி உயரும்வரை பழுதான இன்ஜினில் யாரும் கைவைப்பதில்லை. அந்த உயரத்தில் இன்ஜின் நிற்பதைவிட அவசரம்தான் ஆபத்து. அதற்குப் பிறகு ஒருவர் விமானத்தை ஓட்டுவதை மட்டும் பார்ப்பார், மற்றவர் திரையில் வரும் படிகளை ஒவ்வொன்றாக வாசித்துச் செய்வார். ஒற்றை இன்ஜினில் முழு டேக்-ஆஃப் விசையை அதிகபட்சம் 10 நிமிடம்தான் பயன்படுத்தலாம். அதற்குள் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவைத்த மடல்) உள்ளிழுத்து, விசையைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய அளவுக்குக் குறைத்துவிட வேண்டும்.

கேள்வி: இன்ஜினில் தீ என்று மணி அடித்தால்?

அந்த இன்ஜினின் த்ரஸ்ட் லீவரை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்கு இழு. இன்ஜினை நிறுத்தும் மாஸ்டர் சுவிட்ச்சை ஆஃப் செய். தீ பட்டனை அழுத்து. 10 விநாடி பொறு. தீயணைப்பு வாயு உள்ள முதல் பாட்டிலை விடு. 30 விநாடி கழித்தும் எச்சரிக்கை அணையவில்லை என்றால் இரண்டாவது பாட்டில். வரிசை இவ்வளவுதான்.

தீ பட்டன் தீயை அணைப்பதில்லை. அது எரிபொருள், ஹைட்ராலிக், காற்றுக் குழாய்களை அடைத்து, ஜெனரேட்டரைத் துண்டித்து, பாட்டில்களைத் தயார் நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்த 10 விநாடியைப் பலர் வீண் தாமதம் என்று நினைக்கிறார்கள். இன்ஜினின் சுழற்சி குறைந்தால்தான் உறைக்குள் ஓடும் காற்றும் குறையும். முன்னதாகவே விட்டால் அணைக்கும் வாயு காற்றோடு போய்விடும்.

கேள்வி: பதற்றத்தில் நல்ல இன்ஜினையே நிறுத்திவிட்டால்?

நடந்திருக்கிறது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த போயிங் 737-400-இல் விசிறித் தகடு உடைந்தது இடது இன்ஜினில், விமானிகள் நிறுத்தியது வலது இன்ஜினை. விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ த்ராட்டிலைத் துண்டித்து வலதின் விசையைக் குறைத்தபோது, இடதின் அதிர்வும் தற்செயலாகத் தணிந்தது. சரியானதைத்தான் நிறுத்தினோம் என்று நம்பிவிட்டார்கள். இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பின்னால் இருந்த பயணிகள் பார்த்தார்கள். அந்தத் தகவல் காக்பிட்டுக்குப் போகவில்லை. 47 பேர் இறந்தனர். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் விழுந்த ஏடிஆர் 72 விமானத்திலும் இதே தவறுதான், 43 பேர் பலி.

அதனால்தான் லீவர், மாஸ்டர் சுவிட்ச், தீ பட்டன் என்று தவறினால் ஆபத்தான ஒவ்வொன்றிலும் ஒருவர் கைவைத்து "உறுதிதானே?" என்று கேட்க, மற்றவர் கண்ணால் பார்த்து "உறுதி" என்ற பிறகே அசைக்க வேண்டும். சுழல்வேகம், வெளியேறும் வாயுவின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், அதிர்வு ஆகியவற்றை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு முள்ளை மட்டும் நம்பக் கூடாது.

கேள்வி: "டமார்" என்று சத்தம், இன்ஜினின் பின்னால் தீ நாக்கு. வெடித்துவிட்டதா?

பெரும்பாலும் சர்ஜ். காற்றை அழுத்தும் கம்ப்ரசருக்குள் காற்றோட்டம் குலைந்து பின்னோக்கி அடிக்கிறது. லீவரைக் குறைத்தால் பல நேரங்களில் அடங்கிவிடும், இன்ஜினை நிறுத்தவே தேவைப்படாது.

கேள்வி: இரண்டுமே நின்றுவிட்டால் கல் மாதிரி விழுமா?

விழாது, சறுக்கிக்கொண்டு போகும். 35,000 அடியிலிருந்து சுமார் 160 கி.மீ. வரை கிடைக்கும். அடிவயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளிவந்து ஹைட்ராலிக் அழுத்தமும் அவசர மின்சாரமும் தரும். வேகம் இருந்தால் வரும் காற்றே இன்ஜினைச் சுழற்றும், அதை வைத்து மறுபடி பற்றவைக்கப் பார்ப்பார்கள். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கிய 747-இன் நான்கு இன்ஜினும் நின்றன. உருகி ஒட்டிய சாம்பல், இன்ஜின் குளிர்ந்ததும் இறுகி உதிர்ந்தது. மீண்டும் ஓடவைத்து ஜகார்த்தாவில் இறங்கினார்கள்.

எரிபொருளே தீர்ந்திருந்தால் பற்றவைக்க வழியில்லை. 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் மேல் ஒரு ஏ330-இன் வலது இன்ஜினின் எரிபொருள் குழாயில் கசிவு. இரு பக்கமும் அளவு சமமில்லை என்று இரு பக்கத்தையும் இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்தார்கள், நல்ல பக்கத்து எரிபொருளும் ஓட்டை வழியே போனது. அஸோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் வரை சறுக்கியே வந்து இறங்கினார்கள். இருப்பில் உள்ளதையும் எரிந்ததையும் கூட்டினால் கிளம்பும்போது இருந்த அளவு வர வேண்டும். வராவிட்டால் கசிவு, கிராஸ்ஃபீடைத் தொடக் கூடாது.

கேள்வி: பயணிகள் என்ன செய்ய வேண்டும் ஐயா?

பெல்ட்டைப் போட்டே இருங்கள். சன்னல் வழியே தீ தெரிந்தால் எந்தப் பக்கம் என்பதோடு பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். வெளியேறச் சொன்னால் பையை விட்டுவிடுங்கள். வெளியே தீ எரியும் பக்கத்துக் கதவைத் திறக்காதீர்கள். விமானம் தரையிறங்கியபின் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். 2010 நவம்பர் 4 அன்று இன்ஜின் சிதறி சிங்கப்பூரில் இறங்கிய ஏ380-இல் எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது, பிரேக்குகள் கொதித்தன, சிதறியதற்குப் பக்கத்தில் இருந்த முதலாம் இன்ஜினை அணைக்கவே முடியவில்லை. சறுக்குப் பலகையில் குதிக்கவைப்பதைவிட உள்ளே வைத்திருப்பதே பாதுகாப்பு என்று விமானிகள் முடிவெடுத்தார்கள். தீயணைப்புப் படை நுரை தெளித்தபின் ஒரே பக்கத்துப் படிக்கட்டு வழியாக எல்லோரும் காயமின்றி இறங்கினார்கள்.