சத்தம் தாங்காத காதுக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம் இருக்கிறது. மிக்ஸி போட்டாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். டிவியில் எந்தப் பாட்டு வந்தாலும் அழுகை. ஆனால் என் மாமியார் பாடும் தாலாட்டை மட்டும் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறான். ஏன்? வேறு பாட்டும் பழக்கலாமா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அவனைத் திடுக்கிட வைக்கும் எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. இந்தப் பிள்ளைகளை வதைப்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல. சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஒலியும், ஒரே நேரத்தில் வந்து குவியும் பல ஒலிகளும் அவர்களை இன்னும் அதிகமாக வதைக்கும். சினிமாப் பாட்டில் ஒரு நிமிடத்துக்குள் டிரம்ஸ், கோரஸ், வயலின் கூட்டம் எல்லாம் வந்து போய்விடும். தாலாட்டில் ஒரே குரல்தான். மெட்டு நாலைந்து சுரங்களுக்குள் ஏறி இறங்கி, ஆராரோ என்று பழைய இடத்துக்கே வந்துசேரும். யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்கும் தாலாட்டுகளைக் கவனியுங்கள். மாமன், அத்தை, பாட்டி என்று உறவும் அடித்த பொருளும் மாறும், வரியின் அமைப்பு அப்படியே நிற்கும். பிள்ளைக்குப் புதிதாக வருவது சில சொற்கள் மட்டுமே.

வேகமும் ஒரு காரணம். உத்தரத்திலிருந்து 2 மீட்டர் தொங்கும் தூளி ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2.8 நொடி ஆகும். தூளியை ஆட்டிக்கொண்டே பாடும் பாட்டு அந்த நிதானத்தை மீறி ஓடாது.

புதுப் பாட்டையும் மாமியாரே பாடட்டும். பழகிய தாலாட்டை முதலில் பாடிவிட்டு, சுருதியை மாற்றாமல் புதுப் பாட்டில் இரண்டே வரி. ஒரு வாரத்துக்கு அதே இரண்டு வரிதான். எண்கள் பிடிக்கும் பிள்ளையானால் ஏற்றப்பாட்டு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பவர், எத்தனை சால் (தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே பாடும் பாட்டு அது. அடுத்து எந்த எண் என்று அவனுக்கே தெரியும். காதருகே பாடாமல் ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள். குக்கர் அடுப்பில் இருக்கும் நேரம் வேண்டாம். தொடுவது பிடிக்கும் என்றால் மட்டும் மடியில் வைத்து ஆட்டலாம்.

அவன் கையை உயர்த்தினால் பாட்டு அந்த எழுத்திலேயே நிற்க வேண்டும். ‘இந்த ஒரு வரி முடியட்டும்’ என்று இழுத்தால் மறுநாள் உட்காரமாட்டான். பாட்டை நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் நெடுநேரம் கேட்கும். வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பாட்டு முடிந்ததும் சந்தோஷத்தில் எல்லோரும் படபடவென்று கைதட்டுவது. அத்தனை நேரம் சேர்த்த அமைதி அந்த ஒரு நொடியில் போய்விடும்.

கேள்வி: ‘கிராமிய மெலடி’ என்று போட்டிருந்ததை நம்பி புளூடூத் ஸ்பீக்கரில் வைத்தேன். பாட்டு தொடங்கும் முன்பே என் 9 வயது மகள் அலறிவிட்டாள். என்ன தவறு செய்தேன்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தொடங்கும் முன்பே என்கிறீர்கள். அப்படியானால் ஸ்பீக்கரை ஆன் செய்ததும் வரும் ‘டுடூங்’ சத்தமாகவே இருக்கும். போன் இணையும்போது இன்னொரு பீப், சார்ஜ் குறைந்தால் திடீரென்று ஓர் அறிவிப்புக் குரல். பல ஸ்பீக்கர்களில் இவை நீங்கள் வைக்கும் வால்யூமுக்குக் கட்டுப்படுவதில்லை. அடுத்த அறையில் ஆன் செய்து, இணைத்து, பாட்டை ஓடவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகு கொண்டுவாருங்கள். 20 நொடி எடுத்து மெல்ல ஏற்றுங்கள்.

பாட்டை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு போனை ஃபிளைட் மோடில் போடுங்கள் (புளூடூத் அணைந்துவிட்டால் அதை மட்டும் மறுபடி ஆன் செய்ய வேண்டும்). நடுவில் விளம்பரமோ போன் மணியோ வந்தால் அன்றைய முயற்சி அத்தோடு முடிந்தது. தலைப்பில் ‘மெலடி’ என்று இருந்தாலும் உள்ளே உறுமியும் எலக்ட்ரானிக் பேடும் வெடிக்கும் பாட்டுகள் நிறைய. தொடக்கம், நடுப்பகுதி, கடைசி 30 நொடி மூன்றையும் நீங்கள் முதலில் கேட்டுவிடுங்கள்.

நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மையாகக் கேட்கும். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் குறைவு என்பதால், பாட்டு இந்தப் பகுதியில்தான் கீச்சென்று குத்தும். ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அங்கே 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். ஸ்பீக்கரைப் பிள்ளையை நோக்கி வைக்காமல் 2 மீட்டர் தள்ளிச் சுவர்ப் பக்கம் திருப்பினாலும் கூர்மை மழுங்கும். 50 டெசிபலில் தொடங்குங்கள். சாதாரணப் பேச்சே சுமார் 60 இருக்கும். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, காது கெடாமல் இருப்பதற்கானது. உங்கள் மகளுக்கு இதமா என்பதை அது சொல்லாது.

கேள்வி: நாட்டுப்புற இசை கேட்டால் ஆட்டிசம் குணமாகும் என்கிறார்களே?
– வாசகர், பல்லாவரம்

பதில்: ஆகாது. ஆட்டிசம் நோயல்ல, பாட்டு மருந்துமல்ல. பிடித்த பாட்டு பதற்றத்தைத் தணிக்கலாம், தூங்க உதவலாம். அதற்காகவே பாடலாம். சத்தத்துக்குப் பயந்து பிள்ளை சாப்பிடவோ பள்ளிக்குப் போகவோ மறுத்தால் ஆடியாலஜிஸ்ட்டையும் (செவித்திறன் நிபுணர்) ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் சிகிச்சையாளர்) பாருங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

கேள்வி: அக்கா மகள் கல்யாணம் வடபழனியில். என் 14 வயது மகளுக்கு மேளச் சத்தம் ஆகாது, ஆனால் முகூர்த்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். கடைசி வரிசையில் உட்கார வைத்தால் போதுமா?
– வாசகி, பட்டாளம்

பதில்: போதாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். டைல்ஸ் தரையும் கண்ணாடிக் கதவும் உள்ள ஏ.சி. மண்டபத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும், அதனால் கடைசி வரிசையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கதவுக்கு வெளியே நிற்பதுதான் உதவும்.

நாதஸ்வரமும் சத்தமான வாத்தியம்தான், அவளால் தாங்க முடிந்தால் அது வாசிக்கும் நேரத்தில் உள்ளே இருக்கலாம். பெரிய சிக்கல் கெட்டிமேளத்தில். தவிலின் வலது பக்கத்தை விறைத்த விரல் கூடுகளாலும் இடது பக்கத்தைக் குச்சியாலும் அடிப்பார்கள். கெட்டிமேளத்தில் அது ஐயரின் ஒரு கையசைவில் உச்சத்துக்குப் போகும். வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அப்படி வாசிக்கிறார்கள். மேடைக்கு அருகில் ஒருவர் நின்று, ஐயர் கையை உயர்த்துவதற்கு முன் அவளுக்குச் சைகை காட்டட்டும். இயர்மஃபை (இரு காதையும் மூடும் சத்தத் தடுப்பு மூடி) சத்தம் வந்த பிறகு தேடாமல் முன்பே போட்டுவிட வேண்டும். அது 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், ஆனால் மெத்தை காதைச் சுற்றி முழுதாகப் படிந்தால்தான். ஜிமிக்கி இருந்தால் இடுக்கு விழும், அன்றைக்குச் சின்னத் தோடு போதும். தலையில் வைக்கும் பூவை, இயர்மஃபின் வளையம் உட்காரும் இடத்துக்குக் கீழே வையுங்கள். ஒரு வாரம் முன்பிருந்து வீட்டில் தினம் 10 நிமிடம் போட்டுப் பழகட்டும். மேளம் ஓய்ந்ததும் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகக் கேட்கத் தொடங்கும். மேளத்துக்கு மைக் வேண்டாம் என்று மண்டபத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். தவிலுக்கு மைக் தேவையே இல்லை.

கேள்வி: காது மெஷின் வாங்கியதிலிருந்து வில்லுப்பாட்டு கேட்டால் குடத்து அடி மண்டையில் இறங்குகிறது.
– வாசகர் (வயது 68), மயிலாப்பூர்

பதில்: மெல்லிய ஒலி கேட்காத காதுக்குப் பெரிய ஒலி சட்டென்று தாங்க முடியாததாகிவிடும், நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப்போவதால் வரும் தொல்லை. மெஷினைக் கழற்றி வைக்காதீர்கள். உச்ச ஒலியின் வரம்பைக் குறைத்து, இசைக்கென்று தனி புரோகிராம் வைத்துத் தரும்படி ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். எந்தப் பாட்டில் எந்த இடம் குத்துகிறது என்று போனிலேயே போட்டுக் காட்டினால் அவருக்கு வேலை சுலபம்.

கேள்வி: பள்ளிப் பொங்கல் விழாவில் கும்மியும் கோலாட்டமும் வைக்கிறோம். காதைப் பொத்தும் பிள்ளைகள் இருவர் வகுப்பில் இருக்கிறார்கள். ஒதுக்கிவைக்க மனமில்லை.
– ஆசிரியை, கொளத்தூர்

பதில்: ஒதுக்கவே வேண்டாம். கும்மியை விரல் நுனியால் தட்டலாம், உள்ளங்கையைக் குழித்துத் தட்டலாம், தட்டையாகவும் தட்டலாம். சுரீரென்று கூர்மையாக வருவது தட்டைக் கை. எல்லோரும் குழித்துத் தட்டினால் சத்தம் ‘பொத்’தென்று மழுங்கிவிடும். கோலின் நுனியில் பழைய பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். சிமென்ட் கூரை போட்ட ஹாலைவிட மைதானம் மேல். அந்த இருவரையும் வட்டத்தின் நடுவில் விடாமல், வெளியேற வழியுள்ள ஓரத்தில் நிறுத்துங்கள். ஒருவர் தாளத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினாலும் அதுவும் கும்மிதான். ஒத்திகையை 8 பிள்ளைகளோடு தொடங்கி, நாளுக்கு நாலு பேராகச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். மைக்கை விழாவன்று முதல்முறையாகப் போட்டால் இத்தனை நாள் ஒத்திகையும் வீண்; கடைசி இரண்டு ஒத்திகைகளுக்கும் அதே மைக், அதே வால்யூம் இருக்கட்டும்.